நாற்பத்தேழாம் வரி

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக் கட்டடத்தின் வேலைகளை இன்று பட்டியல் போட்டு முடித்தேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வரி. கதவுக்குப் பிடி மாட்டுவதற்குக்கூடத் தனி வரி. கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பெருக்கித் தள்றதுக்கு வரி இருக்கா?" என்றார். இருக்கிறது. நூற்றுப் பதினொன்று. அதற்கடுத்தது சாவி கொடுப்பது.

பதினான்கு வருடம் மற்றவர்கள் யோசித்ததற்கு வரைபட மேசையில் கோடு போட்டுக் கொடுத்தேன். இப்போது எந்தக் கோடு எந்தத் தேதியில் சுவராக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். ஆறு மாதச் சோதனைக் காலம், ஏப்ரல் கடைசியோடு முடிகிறது. தேறினால் திட்டமிடுநர் வேலை எனக்கு நிரந்தரம். தேறாவிட்டால் பழைய மேசை.

பள்ளி திறக்கும் நாள் ஜூன் 16. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம். இன்னும் தரைத்தளத்துக்குக் கூரையான முதல் கான்கிரீட் ஸ்லாப்கூடப் போடவில்லை.

மார்ச் 8, சனி

திட்டமிடல் வகுப்பு. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் கட்டடமே ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அந்த வேலைகளைச் சங்கிலியாகக் கோத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மகளின் சீருடையை வைத்துப் பரீட்சை பண்ணினேன். துவைத்தால்தான் காயும், காய்ந்தால்தான் இஸ்திரி. ஷூவுக்குப் பாலிஷ் மட்டும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். "அப்ப ஷூவை நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று மகள் எழுந்து ஓடிவிட்டாள். பாடம் எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

சைட்டுக்கு அட்டவணையை எடுத்துப்போனேன். சைட் என்ஜினியர் ஜனவரியில் வேலையை விட்டுப் போனதிலிருந்து அங்கே எல்லாம் முட்டு அண்ணன்தான். சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர். ஸ்லாப்பைக் கீழிருந்து தாங்குகிற இரும்பு முட்டு முந்நூற்று நாற்பதும் அவர் பொறுப்பு; அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர். ஆனால் என் அட்டவணையை வாங்கி நாலாக மடித்து விசிறிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம்? எனக்கு வேலை கை கால்லயே இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட அட்டவணை ஐயா அது!

மார்ச் 17, திங்கள்

இன்றைய கூட்டத்தை எழுதாமல் தூக்கம் வராது.

முட்டு பற்றிப் பேச்சு வந்தது. முதல் ஸ்லாப் போட்ட பிறகு அடியிலுள்ள முட்டை எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு மேல இன்னொரு ஸ்லாப் போட்டு, அது நல்லா இறுகின பிறகுதான் கீழ கை வைப்போம்," என்றார் முட்டு அண்ணன். அதுவரை முந்நூற்று நாற்பது முட்டும் சும்மா நிற்கும். மேல்மாடிக்கு வேறு முட்டு வாடகைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஏன் அண்ணே?"

"எப்பவும் அப்படித்தான்."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கட்டட விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இந்த அகல அறைக்குப் பதினான்கு நாளில் முட்டெடுக்கலாம் என்று அச்சிலேயே இருக்கிறது. பதினான்காம் நாள் கீழே எடுத்து, அதையே மேலே நிறுத்தினால் பதினோரு நாள் மிச்சம். "பழக்கம் வேற, திட்டம் வேற அண்ணே," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

எங்கள் கம்பெனி மேலாளர் பேரம் பேசுவதில் புலி; சைட்டில் பூச்சு வேலைக்கும் பட்டி வேலைக்கும் வித்தியாசம் கேட்பார். அவர் மேசையைத் தட்டி, "பதினோரு நாள்! இதைத்தான் நான் இத்தனை நாளா கேட்டுட்டிருந்தேன்," என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. நாற்பத்தேழாம் வரி: முதல் ஸ்லாப் முட்டுப் பிரிப்பு, ஏப்ரல் 5.

மார்ச் 22, சனி

முதல் ஸ்லாப் போட்டாயிற்று. சொன்ன தேதி. சொன்ன தேதியேதான்.

மார்ச் 27, வியாழன்

முட்டு அண்ணன் இன்னும் அட்டவணையில் ஒரு கோடு கிழிக்கவில்லை. முடிந்த வேலைக்கு எதிரே ஒரு கோடு, அவ்வளவுதான் கேட்கிறேன். "ஆச்சு மேடம், ஆச்சு மேடம்" என்றால் நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இன்று கொஞ்சம் கத்திவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நம்பவே முடியவில்லை. அட்டவணையை முட்டு அண்ணன் தன் காசில் லேமினேட் செய்து, சிமெண்ட் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அவர் மனைவி ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாராம். முடிந்த வேலைக்கெல்லாம் தச்சுப் பென்சிலால் கோடு.

"நீங்க இவ்ளோ கத்துறீங்களே, அதுல ஏதாவது இருக்கும்னு பாத்தேன்," என்றார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 5, சனி

நாற்பத்தேழாம் வரிக்கும் கோடு விழுந்தது.

ஏப்ரல் 9, புதன்

தலைமையாசிரியை கட்டடம் பார்க்க வந்தார். இரண்டு வருடமாக நான்கு வகுப்புகள் தகரக் கொட்டகையில் நடக்கின்றன; மழை பெய்தால் பாடம் நின்றுவிடும், ஆசிரியர் பேசுவது கேட்காது. "ஜூன் பதினாறு நிச்சயம்தானே? பெற்றோர்கிட்ட சொல்லிடலாமா?" என்றார்.

"தாராளமா சொல்லுங்க," என்றேன்.

மேலாளர் பின்னால் நின்று தலையாட்டினார். நிரந்தரம் ஆகிவிடும் போலிருக்கிறது. கணவர், "பெரிய ஆளாயிட்டா எங்களையெல்லாம் அட்டவணையில சேர்த்துக்குவியா?" என்கிறார். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர் பார்வையைச் சோதிக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் நான்தான் பொழுதுபோக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு இரண்டாம் ஸ்லாப். ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரிக்குச் சொல்லியாயிற்று, அதை மேலே ஏற்றப் பம்ப்புக்கும் சொல்லியாயிற்று. மதியம் வாராந்திர அறிக்கைக்குப் படம் எடுக்கப் போனேன். முதலில் மாடிக்கு. முட்டு முட்டாக வரிசையில் நிற்கிறது, மேலே பலகை, அதற்கு மேல் கம்பி கட்டி முடித்திருக்கிறார்கள். படம் எடுத்தேன். பிறகு கீழே வந்தேன். தரைத்தளம் காலி. பெருக்கிச் சுத்தமாக, ஜன்னல் வழியாக வெயில். என்ன அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன்.

மேலே அத்தனை முட்டும் இந்த ஸ்லாப் மேல் நிற்கிறது. நாளை அவற்றின் மேல் ஈரக் கான்கிரீட் லாரி லாரியாக விழும். அந்தப் பாரம் முழுக்க இந்த ஸ்லாப்புக்கு வரும். இந்த ஸ்லாப்பை யார் தாங்குகிறார்கள்? யாருமில்லை. நான் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தில் இருந்த பதினான்கு நாள், அந்த ஸ்லாப் தன் பாரத்தைத் தானே தாங்குவதற்கு. மேலே இன்னொன்றைச் சுமப்பதற்கு இல்லை. என் அட்டவணையில் நாற்பத்தேழாம் வரி முதல் ஸ்லாப்போடு மட்டும்தான் கட்டியிருக்கிறது. இரண்டாம் ஸ்லாப்போடு அதை நான் கோக்கவே இல்லை. கணினி எப்படிச் சொல்லும்? நான் சொல்லாதது அதற்குத் தெரியாது.

அந்த மனுஷன் சொன்னாரே! மேல போட்டு இறுகின பிறகுதான்னு சொன்னாரே! நான் சிரிக்க வெச்சேனே எல்லாரையும்.

மேலாளரிடம் ஓடினேன். அவர் நம்பவில்லை. "இருபத்தஞ்சு நாள் ஆன ஸ்லாப்மா. கல்லு மாதிரி இருக்கு. நீங்க என்ன டிசைன் என்ஜினியரா? அவங்க வேணாம்னு சொல்லட்டும், நிறுத்தறேன். இல்லன்னா காலைல ஏழு மணிக்குப் பம்ப் ஓடும்."

கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட டிசைன் என்ஜினியர் அம்மாவை மூன்று மணியிலிருந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினேழு தடவை. நாளை அந்த ஸ்லாப்பின் மேல் இருபத்திரண்டு பேர் நிற்பார்கள். வேண்டுமானால் பம்ப் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். உட்கார்ந்திருப்பேனா? தெரியாது.

ஆறரைக்கு அவரே கூப்பிட்டார். ஏதோ கூட்டத்தில் இருந்தாராம். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு, "கீழ ஒரு முட்டுகூட இல்லையா?" என்றார்.

"இல்ல மேடம்."

"ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைங்க உட்கார்ந்தா வர்ற பாரத்துக்குத்தான் அந்த ஸ்லாப் போட்டிருக்கேன். ஈரக் கான்கிரீட் அதைவிட அதிகம். விழாமலும் இருக்கலாம். நடுவுல விரிசல் விட்டு, அதைப் பூசி மறைச்சு, அதுக்குக் கீழ பிள்ளைங்க உட்காரலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். நிறுத்துங்க."

நிறுத்தியாயிற்று. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கணவர் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16, புதன்

இன்னொரு செட் முட்டு சனிக்கிழமை வருகிறது. கீழே மறுபடி நிறுத்திவிட்டுத்தான் மேலே கான்கிரீட். மற்ற வேலைகளும் சரியும். பள்ளி நிர்வாகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். குரலே உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சென்ட்ரிங் ஆளு யாரையும் கேக்காம கீழ பிரிச்சுட்டான். நாம கண்டுபிடிச்சு நிறுத்தினோம். இப்படி எழுதிடுங்க. அட்டவணைல அந்தத் தேதியைத் தள்ளிப் போட்டு, புதுசா ஒரு பிரதி வெச்சு அனுப்புங்க."

"அவரை என்ன பண்ணுவாங்க சார்?"

"வேற ஆளை மாத்திக்குவோம். அவனுக்கு இந்த ஊர்ல வேலைக்கா பஞ்சம்? உங்களுக்குத்தான் மாசக் கடைசியில சோதனைக் காலம் முடியுது. இதை எழுதினா, மாசக் கடைசியைப் பத்தி நீங்க யோசிக்க வேணாம்."

சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கிறேனாம். எதைப் பார்ப்பது?

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் கணினியில் நாற்பத்தேழாம் வரியைப் பிடித்து இழுத்தேன். ஒரு விரல்தான். பட்டை வலது பக்கம் நகர்ந்தது, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தானாகச் சரிந்து உட்கார்ந்தது. எப்போதுமே அப்படி இருந்த மாதிரிச் சாதுவாக இருந்தது. சேமித்துவிட்டேன். ஆமாம், சேமித்தேன். இங்கே எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பழைய தேதி இருக்கிற ஒரே தாள், சிமெண்ட் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

சைட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று வண்டியில் என்னையே கேட்கவில்லை. சிமெண்ட் அறையில் யாருமில்லை. லேமினேட் தாளை எடுக்கக் கையை நீட்டினேன். எட்டவில்லை. ஒரு மூட்டை மேல் ஏறினேன்.

"இறங்குங்க மேடம், வழுக்கும்." வாசலில் முட்டு அண்ணன். "புதுசு மாட்டப் போறீங்களா? நான் கழட்டித் தர்றேன்."

கழற்றி, அப்பிக்கிடந்த சிமெண்ட் தூசியைத் தன் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு நின்றேன். தச்சுப் பென்சில் கோடுகள். நாற்பத்தேழில் கோடு மட்டும் கொஞ்சம் அழுத்தி விழுந்திருந்தது. விருப்பமில்லாமல் போட்ட கோடு என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு மனசே இல்ல மேடம். ஆனா நீங்க படிச்சவங்க, புத்தகத்துல இருக்குன்னீங்க. நான் ஒரு தடவையாவது சொன்ன தேதியில முடிச்சுக் காட்டணும்னு பிரிச்சேன். வாயைத் திறந்து சண்டை போட்டிருக்கணும். என் தப்புதான்."

என் தப்புதான் என்கிறார். அந்தத் தாள் என் கையில் இருக்கும்போது.

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "அந்த வரி தப்பு அண்ணே. எழுதினது நான். நீங்க சொன்னதுதான் சரி," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் சொன்னது, காலையில் நான் தேதியை இழுத்தது, இப்போது எதற்கு வந்தேன் என்பது. சொல்லச் சொல்ல வார்த்தை கோணிக்கொண்டு போனது. அவர் கதவில் சாய்ந்து நின்று கேட்டார்.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சரி, கீழ முட்டு ஏன் இருக்கணும்?"

அவருடைய தச்சுப் பென்சிலை வாங்கிச் சுவரில் வரைந்து காட்டினேன். மேல் ஸ்லாப், முட்டு, கீழ் ஸ்லாப், முட்டு, தரை. பாரம் எப்படி இறங்கி மண்ணுக்குப் போகிறது என்று. அந்தக் கோடுகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப இத்தனை வருஷம் காரணம் தெரியாமலே சரியாத்தான் பண்ணிட்டு இருந்தோமா," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க எதை வேணா எழுதிக்கோங்க. எனக்கு ரெண்டு பொண்ணு படிக்கிறாங்க. அதை மட்டும் சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இரண்டு விளக்கம் எழுதி வைத்திருந்தேன். கணவரிடம் இரண்டையும் வாசித்தேன். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றார். "ஆனா நீ ரெண்டு நாளா என் முகத்தை நேராப் பாக்கல."

அனுப்பிவிட்டேன். பழைய தேதியோடு லேமினேட் தாளின் படமும் வைத்து. ஒரு பக்கம்தான் வந்தது. நடுவில் இந்த இரண்டு வரி: "தவறு அட்டவணையின் நாற்பத்தேழாம் வரியில் உள்ளது. அதை எழுதியவள் நான். சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் ஆட்சேபித்தார், நான் கேட்கவில்லை."

பொத்தானை அழுத்திய பிறகு அரை மணி நேரம் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஏப்ரல் 19, சனி

மேலாளர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. முட்டு வந்து இறங்கியது. நானே நின்று எண்ணினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாம் ஸ்லாப் போட்டாயிற்று. டிசைன் என்ஜினியர் அம்மா நேரில் வந்து, கீழே ஒவ்வொரு முட்டையும் கையால் அசைத்துப் பார்த்தார். கான்கிரீட் விழ விழ நான் தரைத்தளத்துக்கு வெளியே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பது இவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாது.

ஏப்ரல் 30, புதன்

கடிதம் வந்தது. 'திட்டமிடல் பொறுப்பிலிருந்து விடுவித்து வரைபடப் பிரிவுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்.' எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தேன் என்பதால் வலிக்காமல் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் கதவைத் தட்டி, "தண்ணி வீணாகுதும்மா," என்றாள்.

முட்டு அண்ணனுடைய ஒப்பந்தத்தில் கை வைக்கவில்லை. என் விளக்கம் ஏற்கெனவே பள்ளி நிர்வாகத்தின் கோப்பில் இருந்ததால் வைக்க முடியவில்லை.

மே 14, புதன்

வகுப்புக்குக் கடைசித் தவணை கட்ட வேண்டும். இனி எதற்கு என்று கேட்டுக்கொண்டே கட்டினேன்.

ஜூன் 16, திங்கள்

பள்ளி திறந்தது. கீழ்த்தளமும் முதல் மாடியும் மட்டும். மேல்மாடி முடிய இன்னும் மூன்று வாரமாம். இரண்டு வகுப்புகள் அதுவரை தகரக் கொட்டகையில்தான். கடைசி வரைபடங்களைக் கொடுக்கப் போன என்னைத் தலைமையாசிரியை பார்த்தார். "தாராளமா சொல்லுங்கன்னீங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் சொன்னது நியாயம். வரைபடத்தை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

நூலகக் கட்டடம் ஆரம்பிக்கிறார்கள். நான் படிக்கட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். புதிதாக ஒரு திட்டமிடுநரை எடுத்திருக்கிறார்கள். சுறுசுறுப்பான பெண், அட்டவணை வண்ண வண்ணமாக இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் பொறாமைதான்.

மதியம் இரண்டு மாடி ஏறி முட்டு அண்ணன் வரைபட அறைக்கு வந்தார். இங்கே அவர் வந்ததே இல்லை. மூச்சு வாங்கியது. சுருட்டி வைத்திருந்த புது அட்டவணையை என் படிக்கட்டு வரைபடத்தின் மேலேயே விரித்தார்.

"இதுல எந்த வரி சொல்றதை நான் கேக்கக் கூடாது? அதைச் சொல்லுங்க."

"அண்ணே, நான் இப்போ அந்த வேலையில இல்ல."

"தெரியும்."

"தப்புப் போட்டவகிட்ட வந்து கேக்கறீங்களே."

"தப்புப் போட்டவங்க நிறையப் பேர்கிட்ட வேலை பாத்துட்டேன்மா," என்றார். "அதை என்கிட்ட வந்து சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான். பாருங்க."

மேடம் என்று சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அந்தப் பெண்ணையும் கூப்பிட்டேன். முதலில் முகம் சுளித்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று நான் கேட்பேன். சில சமயம் அவருக்குத் தெரிந்தது, சில சமயம் அவளுக்கு, சில சமயம் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததற்கெல்லாம் பக்கத்தில் கேள்விக்குறி போட்டோம். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்றாம் வரிக்குத்தான் வந்திருந்தோம். மீதிக்கு நாளை மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார்.